சாவித் துளை வழியே ஒரு பிரசங்கம்

பூட்டு ரிப்பேர்க்காரருக்கு நாலு பேர் முன்னால் நின்றாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தன் கல்யாணத்தன்று, "சம்மதமா?" என்று கேட்டதற்கே தலையை மட்டும் ஆட்டிய மனிதர். ஆனால் கொஞ்ச காலமாக, சாவிக்கு அரம் போடும்போதெல்லாம், 'என் வார்த்தையைப் போய்ச் சொல்' என்று நெஞ்சுக்குள் ஒன்று நச்சரித்துக்கொண்டே இருந்தது. "ஆண்டவரே, ஆள் மாறிப்போச்சு. பக்கத்துக் கடை எலக்ட்ரீஷியன் நல்லாப் பேசுவார்" என்று அவரும் விடாமல் தட்டிக்கழித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, பையை எடுத்துக்கிட்டு சர்ச்சுக்கு ஓடி வாங்க. போதகர் உள்ள மாட்டிக்கிட்டார்!"

போய்ப் பார்த்தால் சபை முழுக்கத் தெருவில் நிற்கிறது. ஜெபிக்க முன்கூட்டியே வந்த போதகர் உள்ளே பூட்டிக்கொள்ள, பூட்டு இறுகிவிட்டது. சன்னல்களோ எட்டாத உயரத்தில். ரிப்பேர்க்காரர் கம்பியை மட்டும் எடுத்துக்கொண்டு பையை மனைவியிடம் கொடுத்தார்; முட்டி போட்டு, சாவித் துளையில் வாயை வைத்தார்.

"ஐயா, நேரமாகும்."

"ஆராதனைக்கு நேரமாச்சேப்பா! எனக்குத் தொண்டை வேற கட்டிக்கிச்சு. நான் சொல்லச் சொல்ல நீ சத்தமாத் திருப்பிச் சொல்லு."

"நானா? ஐயா, எனக்கு..."

"'எனக்கு அன்பானவர்களே'ன்னு ஆரம்பி!"

பூட்டைக் கம்பியால் நெம்பிக்கொண்டே ஆரம்பித்தார். முகம் கதவைப் பார்த்திருந்ததாலோ என்னவோ, குரல் கணீரென்று வந்தது. உள்ளிருந்து கேட்டதை ஒன்று விடாமல் சொன்னார்.

"ஆண்டவர் நம்மைத் தேடி வருகிறார்! இந்த பெஞ்சு ஏன் இப்படி ஆடுது!"

"ஆமென்!" என்றது சபை.

திடீரென்று உள்ளிருந்து சத்தமே இல்லை. "ஐயா? ஐயா?" முதுகுக்குப் பின்னால் எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் வாய் தானாகத் திறந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. பைபிளை முழுசாப் படிச்சதுகூட இல்ல. அவர் கூப்பிட்டுக்கிட்டே இருக்கார், நான் வேற ஆளைக் கை காட்டிக்கிட்டே இருக்கேன். பயம். அப்பவும் அவர் என்னை விடல."

"நம்ம போதகரா பைபிள் படிக்காதவர்?" என்று சபை மூப்பர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "எவ்ளோ உண்மையான மனுஷன்!" என்று ஒரு அம்மா தேம்பி அழுதார். "நானும் பயந்தாங்கொள்ளிதான்" என்று யாரோ கத்தினார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பூட்டு திறந்துகொண்டது. ஆளாளுக்கு ஓடிப்போய், பெஞ்சில் படுத்திருந்த போதகரைக் கட்டிப்பிடித்தார்கள்.

"ஐயா, நீங்க இப்படி மனசு விட்டுப் பேசினதே இல்ல!"

போதகர் கண்ணைக் கசக்கினார். "நானா? மருந்து குடிச்சேன், அசந்து தூங்கிட்டேனே!"

எல்லாத் தலைகளும் வாசலுக்குத் திரும்பின. ரிப்பேர்க்காரர் ஓடியே போயிருப்பார். ஆனால் பை மனைவியின் கையில் இருந்தது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

மறு வாரமும் பேசச் சொன்னார்கள். "முகத்தைப் பாத்தா வராதுங்க" என்றார்.

"முதுகைக் காட்டிப் பேசேன்ப்பா. எங்களுக்கு வேண்டியது வார்த்தைதானே!" என்றார் போதகர்.

அன்று முதல் மாதம் ஒரு முறை, சுவரைப் பார்த்தபடி அவர் பேசுகிறார். புதிதாக வருகிறவர்கள் மிரண்டுபோகிறார்கள். மற்றவர்கள் சுவாரசியமாகக் கேட்கிறார்கள்.