ஆதிமூலத்துக்கு வந்த மாலைகள்

ஆதிமூலம் உயிரோடுதான் இருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அது தெரியாமல் போனது முதலியார்பேட்டைக்கு மட்டும்தான்.

அவனை நீங்கள் பார்த்திருக்கலாம். தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் மெஷின் ஓட்டுகிறவன். நெடுநெடுவென்று வளர்ந்தவன், அதிகம் பேசாதவன். ஷிஃப்ட் முடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு அதே தொழிற்பேட்டையில் உள்ள ஒரு பழைய ஷெட்டுக்குப் போவான். அங்கே 'உப்புக்கரை' என்கிற ராக் பேண்டுக்கு அவன்தான் ட்ரம்ஸ். லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி ஆபீசில் கிளார்க்காக இருக்கும் இனியா அதில் பாடுகிறாள். கிடார் வாசிக்க இன்னும் இரண்டு பேர். அவ்வளவுதான் பேண்டு.

ஆதிமூலத்துக்குத் தாளம் சொல்லிக்கொடுத்தது எந்த வாத்தியாரும் இல்லை. அவன் அம்மா கமலா, முதலியார்பேட்டை வீட்டின் பின்கட்டில் துணி துவைக்கும்போது, கல்லில் இரண்டு அடி அடித்து, ஒரு மூச்சு நிறுத்தி, மூன்றாவது அடியை ஓங்கிப் போடுவாள். அந்த இடைவெளியில் ஒரு "ஸ்" என்கிற மூச்சுச் சத்தம். பக்கத்தில் உட்கார்ந்து பிளாஸ்டிக் பக்கெட்டைத் தட்டிக்கொண்டே வளர்ந்த பிள்ளை அவன். அப்பா கோவிந்தசாமி, மில் தொழிலாளி, இவன் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டார். தோளில் தூக்கி வளர்த்தது அண்ணன் ராஜவேல்தான். தம்பிக்கு முதல் ட்ரம்ஸ் வாங்கிக்கொடுத்ததும் அதே அண்ணன். அரசுப் பேருந்து ஓட்டும் அந்த முரட்டு மனிதர், தம்பி தோளில் குச்சிப் பையோடு தெருவில் போனால் பின்னாலேயே பார்த்துக்கொண்டு நிற்பார்.

அப்படிப்பட்ட அண்ணன்தான் ஆறு வருஷமாகத் தம்பியின் முகத்தில் விழிக்கவில்லை.

காரணம் ஒரு தூக்குவாளி. சிரிக்காதீர்கள். செல்போன் பக்கத்தில் இருந்தால் ஸ்பீக்கரில் கரகரவென்று சத்தம் வரும் என்பதால், உப்புக்கரையில் ஒரு வழக்கம் உண்டு. வாசிக்க உட்காருமுன் எல்லாரும் போனை அணைத்து, ஒரு எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடி, வாசலுக்கு வெளியே வைத்துவிடுவார்கள். முதல் ஆல்பத்தைச் சென்னையில் ஒலிப்பதிவு செய்த அன்றும் அப்படித்தான் வைத்தார்கள். அன்று மதியம் கமலா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள்.

அப்பாவுக்கு மூத்தவன் கொள்ளி வைக்க வேண்டும். அம்மாவுக்கு இளையவன் வைக்க வேண்டும். ராஜவேல் போன் அடித்து அடித்து ஓய்ந்தார். ஊர்ப் பெரியவர்கள் பொழுது சாயும் வரை பொறுத்தார்கள். பிறகு, "ராஜவேலு, இனிமே தாங்காதுப்பா" என்றார்கள். தம்பி செய்ய வேண்டியதை அண்ணனே செய்தார். ஆதிமூலம் ஓடிவந்தபோது சுடுகாட்டில் தீ நின்று எரிந்துகொண்டிருந்தது.

"பெத்தவளுக்குக் கொள்ளி வைக்க வராதவன் எனக்குத் தம்பி இல்ல. என் வாசப்படி ஏறாத!"

அவ்வளவுதான் சொன்னார். ஆதிமூலம் அன்றே தட்டாஞ்சாவடியில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு இனியா அந்தத் தூக்கைத் தூக்கி எறியப் பார்த்தாள். அவன் தடுத்தான். "இனிமே என்னை யாரும்மா கூப்பிடப் போறாங்க?" என்று தன் போனைத்தான் முதலில் அதற்குள் போட்டான்.

இரண்டாவது ஆல்பம் செய்ய உட்கார்ந்தபோது அவன் ஒன்றே ஒன்று கேட்டான். "அம்மாவுக்கு ஒரு பாட்டு வேணும். தாளம் நான் வாசிக்க மாட்டேன். எங்க வீட்டுத் துவைக்கல்தான் வாசிக்கணும்."

"வேற கல்லுல அடிச்சா ஆகாதாண்ணா?" என்றாள் இனியா.

"ஆகாது."

கல் இருப்பது அண்ணன் வீட்டில். வாசப்படி ஏறக்கூடாது. அப்போது கைகொடுத்தவள் அண்ணி சிவசங்கரி. ஆறு வருஷமாகப் புருஷனுக்குத் தெரியாமல் கொழுந்தனுக்குப் போன் செய்து, "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டுக்கொண்டிருந்த புண்ணியவதி. ராஜவேல் டூட்டிக்குப் போன ஒரு காலையில் இனியா மைக்கோடு பின்கட்டுக்குள் நுழைந்தாள். ஆதிமூலம் தெருமுனை டீக்கடையிலேயே நின்றுகொண்டான்.

"எந்தத் துணியம்மா துவைக்கணும்? பட்டா, நூலா?" என்று கேட்டாள் சிவசங்கரி.

"நீங்க எப்பவும் துவைக்கிறதுதான்க்கா."

"அப்ப இவரு காக்கிதான். அழுக்கு போகவே போகாது, அவரு கோவம் மாதிரி."

மாமியாரிடம் பழகிய கை. இரண்டு அடி, ஒரு மூச்சு, மூன்றாவது ஓங்கி. இனியா காதில் மாட்டியிருந்த ஹெட்போனோடு அழுதுவிட்டாள். ஆல்பத்துக்கு 'ஈரக்கல்' என்று பெயர் விழுந்தது அந்தக் காலையில்தான்.

வேலை முடிந்தது. வெளியீட்டு விழா ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, கடற்கரைப் பக்கம் ஒரு பழைய பிரெஞ்சு வீட்டு ஹாலில். ஆதிமூலத்துக்கு ஆசை ஒன்றுதான். முன்வரிசையில் அண்ணன் வந்து உட்கார வேண்டும். அண்ணியிடம் சொல்லிவிட்டான். "பாக்கிறேன் தம்பி" என்றாள் அவள். அந்தக் குரலிலேயே பதில் இருந்தது.

இனியாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. நான்கு பேருக்கும் தனித்தனிப் போஸ்டர். அவரவர் பிறந்த பகுதியில் அவரவர் முகம். "உங்க அண்ணன் தினமும் போற வழியிலேயே ஒட்டிடலாம்ண்ணா. பாக்காம எங்க போவாரு?"

ராக் பேண்டுக்காரர்களுக்குக் கறுப்பு வெள்ளை என்றால் உயிர். நடுவில் ஆதிமூலத்தின் முகம், கண்ணில் சோகம். மேலே பெரிய எழுத்தில் பெயர். கீழே ஞாயிற்றுக்கிழமைத் தேதி, மாலை நான்கு மணி. அடியில், எறும்பு ஊர்வது போல, 'உப்புக்கரையின் இரண்டாவது ஆல்பம் வெளியீடு' என்று இருந்தது. ஆதிமூலம் அதை வேலைக்கு நடுவில் போனில் பார்த்து, "நல்லாயிருக்கும்மா" என்று சொல்லிவிட்டான்.

போஸ்டர் ஒட்டுகிறவர் அனுபவசாலி. கறுப்பு வெள்ளையில் தனி முகம், தேதி, மாலை நான்கு மணி. இப்படி ஒன்று கைக்கு வந்தால் எங்கெங்கே ஒட்ட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பஸ் ஸ்டாப் சுவர், வீட்டுத் தெருமுனை, சுடுகாட்டுக்குப் போகிற வழி. அங்கெல்லாம் வரிசையாக ஒட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிறு காலை. ராஜவேல் ஆட்டுக்கறி வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறார். பஸ் ஸ்டாப் சுவரில் தம்பி சிரிக்காமல் அவரைப் பார்க்கிறான்!

கையிலிருந்த பை நழுவியது. பின்னால் சைக்கிளில் வந்த பக்கத்து வீட்டுக்காரர் பாவாடை அதை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து, சுவரைப் பார்த்துவிட்டு, "ஐயையோ, நம்ம மூலமா?" என்றார். அடியில் இருந்த சின்ன எழுத்தை இருவருமே படிக்கவில்லை. இப்படிப் போஸ்டரில் அடியில் இருப்பது 'துயரத்துடன் நண்பர்கள்' என்று பேர் வரிசைதானே? அதை யார் நின்று படிக்கிறார்கள்?

வீட்டுக்குள் நுழைந்த ராஜவேல் சுவரில் தலையை மோதிக்கொண்டார். "சங்கரி! எந்தம்பி போயிட்டான்டி! எனக்கு ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டான்டி!"

சிவசங்கரி ஓடிப்போய்ப் போனை எடுத்தாள். ஆதிமூலத்தின் எண் அணைக்கப்பட்டிருந்தது. மறுபடி அடித்தாள், மறுபடி அணைப்பு. ஹாலில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. போன் தூக்குக்குள் கிடந்தது. அது தெரியாத அந்த அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அரை மணி நேரத்தில் தெரு நிறைந்துவிட்டது. கையில் மாலையோடு வந்தவர்கள், புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு வந்தவர்கள். ஷாமியானா பலராமன், யாரும் சொல்லாமலே, மினி வேனில் நாற்காலிகளையும் மைக் செட்டையும் கொண்டுவந்து இறக்கினார்.

"வாடகையெல்லாம் பேசாத ராஜவேலு. சின்ன வயசுல என் கடை நாற்காலிய எல்லாம் தட்டித் தட்டி வாசிப்பான். ஒரு நாள்கூட நான் அவன அதட்டினது இல்ல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

யாரோ கேட்டார்கள். "தட்டாஞ்சாவடியிலேருந்தே எடுத்துடுவாங்களா?"

ராஜவேல் எழுந்து நின்றார். ஆறு வருஷக் கோபம் அந்த முகத்தில் எங்கேயும் இல்லை. "அவன் பொறந்த வூடு இது. இங்கதான் கொண்டு வரணும். இந்த வாசப்படியிலதான் ஏத்தணும். பாவாட, நீ போய் எங்கிருந்தாலும் கூட்டிக்கிட்டு வா. என் தம்பிய என் வூட்டுக்குக் கூட்டிக்கிட்டு வா!"

பாவாடை பைக்கை எடுத்துக்கொண்டு தட்டாஞ்சாவடி அறைக்குப் போனார். அங்கே வீட்டுக்காரம்மா சாவகாசமாகக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். "ஆதிமூலமா? காலையிலேயே தோசை சாப்பிட்டுட்டுக் கடற்கரைப் பக்கம் ஹாலுக்குப் போனாரே."

"செத்தவன் தோசை சாப்பிட்டானா?" என்று குழம்பியபடி பாவாடை அங்கே போனார். ஹாலுக்குள் டமால் டுமீல் என்று சத்தம். மேடையில், வேர்த்துக் கொட்ட, சாட்சாத் ஆதிமூலம்.

பாவாடை தூணைப் பிடித்துக்கொண்டார். "டேய் பாவி! அங்க உனக்கு நாப்பது மாலை வந்திருக்குதுடா! நீ இன்னாடான்னா இங்க மோளம் அடிக்கிற?"

விஷயம் புரிந்ததும் இனியா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆதிமூலம் ஒன்றே ஒன்று கேட்டான்.

"அண்ணன் அழுதுச்சா?"

"அழுதானாவா? சுவத்த உடைக்கிறான்டா."

ட்ரம்ஸ் குச்சிகள் கையிலிருந்து விழுந்தன. அப்படியே பாவாடையின் வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

அவன் தெருவில் இறங்கியதும் கூட்டம் விலகியது. ஒரு பெண் வீலென்று கத்தினாள். ஆதிமூலம் வாசல்வரை போனான். வாசப்படிக்கு முன்னால் கால் நின்றுவிட்டது. ஏறாதே என்று சொன்ன படியல்லவா!

உள்ளே தலை கலைந்து உட்கார்ந்திருந்த ராஜவேல் நிமிர்ந்தார். எழுந்தார். ஓடிவந்தார். பளார் என்று ஒரு அறை! அடித்த கையாலேயே சட்டையைப் பிடித்து, படியைத் தாண்டி உள்ளே இழுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இப்படியாடா போஸ்டர் ஒட்டுறது? என் உசுரே போயிடுச்சே தம்பி!"

தம்பி! ஆறு வருஷமாகக் காத்திருந்த சொல். ஆதிமூலம் அண்ணன் தோளில் முகம் புதைத்துக் குழந்தை போல விசும்பினான். அழ வந்திருந்த தெரு முழுக்க அழுதது.

முதலில் தேறியவர் பலராமன். "மைக் செட்ட இறக்கியாச்சு. சும்மாவா திருப்பி ஏத்தறது? அப்படி இன்னாதான்டா பாட்டு போட்டிருக்க, கேப்போமே."

பின்னாலேயே ஆட்டோவில் வந்து சேர்ந்திருந்த இனியா போனை மைக் செட்டில் இணைத்தாள். ஈரக்கல் உலகத்துக்கு வெளியானது மாலை நான்கு மணிக்கு என்று எல்லாரும் சொல்வார்கள். இல்லை. முதலியார்பேட்டையில் ஒரு தெருவில், சாவு வீட்டு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால், காலையிலேயே வெளியாகிவிட்டது.

கிடார் தொடங்குமுன் அந்தச் சத்தம் வந்தது. இரண்டு அடி. ஒரு மூச்சு. மூன்றாவது ஓங்கி.

ராஜவேலின் கை நாற்காலியை இறுகப் பற்றியது. "இது... இது அம்மா கல்லு இல்ல?"

தம்பியின் பக்கம் திரும்பினார்.

"நம்ம வூட்டுக் கல்லுடா இது! யாரு அடிச்சது?"

சிவசங்கரி கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். "நான்தாங்க. உங்க காக்கிச் சட்டையத்தான் துவைச்சேன். அத்தைக்குன்னு தம்பி கேட்டுச்சு. உங்களக் கேக்காம குடுத்துட்டேன், திட்டுறதுன்னா திட்டுங்க."

அவர் திட்டவில்லை. பாட்டு முடியும்வரை தலை குனிந்து கேட்டார். பிறகு சுற்றிலும் குவிந்து கிடந்த மாலைகளைப் பார்த்தார். ரோஜா மாலை, சம்பங்கி மாலை. செத்தவனுக்கு என்று வாங்கிய மாலையை உயிரோடிருப்பவன் கழுத்தில் போடக் கூடாது. குப்பையிலும் போடக் கூடாது. எல்லாரும் என்ன செய்வதென்று விழித்தார்கள்.

ராஜவேல் இரண்டு கைகளிலும் மாலைகளை அள்ளிக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தார். ஒவ்வொன்றாகத் துவைக்கல்லின் மேல் போட்டார். பாவாடையும் பலராமனும் மற்றவர்களும் மிச்சத்தைக் கொண்டுவந்து போட்டார்கள். காலையில் துவைத்த ஈரம் காயாத அந்தக் கருங்கல், பூவுக்குள் மறைந்தது. சிவசங்கரி ஒரு தட்டில் சூடம் வைத்துக் கொண்டுவந்தாள். ராஜவேல் தட்டை வாங்கினார். தீப்பெட்டியைத் தம்பியின் கையில் வைத்தார்.

"நீ ஏத்துடா. அன்னிக்கு நான் வச்சது உன்னோடது. அம்மாவுக்கு நீதான் ஏத்தணும்."

காற்றில் முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. அண்ணன் தன் கையைக் குவித்துக் காற்றை மறைத்தார். சூடம் பற்றிக்கொண்டது. அந்தச் சின்னத் தீயின் முன்னால் ஆதிமூலம் விழுந்து கும்பிட்டான். அம்மாவுக்கு ஒரு கும்பிடு. அண்ணி காலில் ஒரு கும்பிடு. மாலை வாங்கி வந்த தெருவைப் பார்த்து ஒரு கும்பிடு.

"எழுந்திரு, எழுந்திரு" என்றார் ராஜவேல் மூக்கை உறிஞ்சியபடி. "கறி வாங்கி வச்சது கெட்டுடப்போவுது. சங்கரி, குழம்ப வை. இவன் சாப்ட்டுட்டுத்தான் போவணும். நாலு மணிக்கு நானும் வர்றேன்."

"என்ன போட்டுக்கிட்டு வருவீங்க?" என்றாள் சிவசங்கரி. "நல்ல சட்டை எல்லாம் ஊற வச்சிட்டேன்."

"காக்கி இருக்குதுல்ல?"

மாலை நான்கு மணிக்கு அந்தப் பிரெஞ்சு வீட்டு ஹாலில் முன்வரிசை முழுக்க முதலியார்பேட்டை உட்கார்ந்திருந்தது. நடுவில் காக்கிச் சட்டையில் ஒரு பஸ் டிரைவர். மேடை ஏறுமுன் இனியா வழக்கம்போலத் தூக்கை நீட்டினாள். ஆதிமூலம் போனை எடுத்தான். அதை அதற்குள் போடாமல், இறங்கி வந்து அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போய் ட்ரம்ஸின் முன்னால் உட்கார்ந்தான்.