கொதிக்கும் பாகில் ஒரு விரல்

செத்துப்போன என் அம்மா மேல் ஆணை, எங்கள் பாதிரியாரின் அங்கி மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நம்புகிறவர்கள் கதவைத் தாழிட்டுவிட்டுப் படிக்கவும்.

1918 ஏப்ரல் 11, வியாழக்கிழமை. எனக்கு இருபத்திரண்டு வயது, கல்யாணமாகவில்லை. அந்த வருடம் கியூபெக்கில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. கல்யாணமாகாதவனெல்லாம் பிரான்சுக்குக் கப்பலேறிச் சண்டை போட வேண்டும் என்று சட்டம். போகாதவனை ராணுவப் போலீஸ் காடு காடாகத் தேடியது. முந்தின வாரம் பக்கத்து ஊர்க்காரன் ஒருவனைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்து, முழங்காலை நொறுக்கி, பனிவண்டியில் கட்டி இழுத்துப் போனார்கள். அடுத்தது நான்தான் என்று ஊருக்கே தெரியும்.

எங்கள் மேப்பிள் காட்டில், பாகு காய்ச்சும் கொட்டகையில் ஒளிந்திருந்தேன். ஒளிந்திருப்பவன் அடுப்பு மூட்டக்கூடாது. ஆனால் மரத்தில் சாறு வடியும்போது காய்ச்சாமல் விட எங்கள் ஆட்கள் எவனுக்கும் மனசு வராது. காய்ச்சினோம். வெள்ளை ஆவி மூன்று மைல் தூரத்துக்குத் தெரிந்தது.

கூட இருந்தவன் பெரியப்பா மகன் ஒவிலா. அவனுக்குக் கல்யாணமாகிவிட்டது. ஒரு ஆளுக்கு ஒரு போர் போதும் என்று அரசாங்கம் அவனை விட்டுவிட்டது.

மூன்றரை மணிக்குக் கீழே சாலையில் நாய்கள் குரைத்தன.

“வந்துட்டானுங்கடா. வை விரலை,” என்றான் ஒவிலா.

துப்பாக்கி விசையை இழுக்க விரல் இல்லாதவனைப் பட்டாளத்தில் சேர்க்கமாட்டார்கள். வலக்கை ஆள்காட்டி விரலை விறகுக்கட்டை மேல் நீட்டினேன். ஒவிலா கோடரியைத் தூக்கினான்.

“கண்ணை மூடிக்கடா.”

“நான் மூடிக்கிறேன் அண்ணே. நீ மூடாம இரு, அது போதும்.”

“ஆடாதே! ரெண்டு போச்சுன்னா என்னைத் திட்டக்கூடாது.”

மூன்று நாற்பது. சடக்!

விரல் எம்பிப் பறந்து, கொதிக்கும் பாகில் விழுந்தது. ப்ளக்... ரத்தம் சுவர்வரை பீய்ச்சியடித்தது. ஒவிலா வாந்தியெடுத்தான். வெட்டுப்பட்டவன் நான்.

கையில் துணி சுற்றும்போதுதான் கவனித்தேன். அடுப்பில் தீ எரிந்துகொண்டிருந்தது. பாகு கொதிக்கவில்லை. ஒரு குமிழிகூட இல்லை.

வெளியே பனியில் பூட்ஸ் சத்தம். நறுக்... நறுக்... ஒரே ஒரு ஆள்.

கதவு திறந்தது. உள்ளே தாழ் போட்டிருந்தோம்.

ராணுவ உடுப்பு, தோளில் துப்பாக்கி. எங்கள் ஊர்க் கொல்லன் மகன் ஹோர்மிஸ்தாஸ். போன வருடம் தானாகவே போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தவன். இடுப்புவரை ஈரச் சேறு. எங்கள் ஊரிலோ மண் மூன்றடிப் பனிக்கு அடியில் கிடந்தது.

“எப்படா வந்தே?” என்றான் ஒவிலா.

குளிரில் எங்கள் இருவர் மூச்சும் புகையாக வந்தது. அவன் வாயிலிருந்து எதுவும் வரவில்லை.

நேராகப் பாகுக்குள் முழங்கைவரை கையை விட்டான். தோல் உரிந்து தொங்கியது. முகம் மாறவில்லை. என் விரலை எடுத்தான்.

“என்னோட விரல் மடங்கல,” என்றான்.

மூன்று ஐம்பத்திரண்டு. கதவை உதைத்துக்கொண்டு இரண்டு போலீஸ்காரர்கள் நுழைந்தார்கள். முதலாமவன் துப்பாக்கிக் கட்டையால் ஒவிலாவின் வாயில் இடித்தான். பற்கள் தரையில் சிதறின. மற்றவன் என் முடியைப் பிடித்து இழுத்தான்.

“எந்திரிடா கோழை. கப்பல் காத்துக்கிட்டிருக்கு.”

ஹோர்மிஸ்தாஸ் துப்பாக்கியைத் தூக்கினான். என் விரலை விசையில் வைத்தான்.

அது தானாக மடங்கியது.

எனக்கு வலித்தது... விரல் இல்லாத இடத்தில்.

டமார்!

முடியைப் பிடித்திருந்தவனின் காது பிய்ந்து போனது.

ஓடினார்கள்.

திரும்பினேன்.

ஹோர்மிஸ்தாஸ் இல்லை.

வெளியே பனியில் இருவர் வந்த தடம், இருவர் ஓடிய தடம். அவ்வளவுதான். பாகு மறுபடி கொதித்தது.

அப்புறம் என்னைத் தேடி ஒருவனும் வரவில்லை. ஜூன் மாதம் கொல்லனுக்குப் பிரான்சிலிருந்து கடிதம் வந்தது. ஹோர்மிஸ்தாஸோடு இருந்த ஒரு சிப்பாய் எழுதியது. பாதிரியார் உரக்கப் படித்தார்.

“உங்கள் மகனை ஏப்ரல் 3ஆம் தேதி புதைத்தோம். விறைத்த கைக்குள் வெட்டுண்ட விரல் ஒன்று இருந்தது. அவனுடையது அல்ல, அவனுக்குப் பத்தும் இருந்தன. அதில் ஏதோ இனிப்புப் பாகு ஒட்டியிருந்தது.”

ஏப்ரல் 3. என் விரல் போனது 11ஆம் தேதி.

இதை முழுக்க நானேதான் எழுதினேன், வலக்கையால். அதில் ஐந்து விரல்களும் இருக்கின்றன.