இரண்டு பொட்டலங்கள்

வேடசந்தூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ஜெராக்ஸ் மிஷின், இரண்டு கம்ப்யூட்டர், ஐந்து பிளாஸ்டிக் நாற்காலி. அதுதான் என் கடை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா நகல் என்று வருஷம் முழுக்க ஆள் வந்தாலும், பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு வரும் இரண்டு மாதம்தான் எனக்குத் திருவிழா. கல்லூரி விண்ணப்பம் போட அப்பாவும் அம்மாவும் பிள்ளையை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு வருவார்கள். நான் பிள்ளையைக் கேட்கும் கேள்விக்கெல்லாம் அப்பா பதில் சொல்வார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "படிக்கப் போறது நீங்களாண்ணே? அப்ப யூனிபாரம் தைக்க உங்களுக்கே அளவு குடுங்க" என்பேன். பிள்ளை தன் வாயால் சொன்னால்தான் கீபோர்டைத் தொடுவேன் என்று ஒரு சட்டமே வைத்திருந்தேன். அதற்காக ஊரில் எனக்கு நல்ல பெயரும் உண்டு.

அந்தச் சட்டத்தை நான் மீறியது ஒரே ஒரு பிள்ளைக்குத்தான். அது நான் பெற்ற பிள்ளை.

என் வீட்டுக்காரர் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்தார். மகன் பிளஸ் ஒன் சேர்ந்த வருஷம், ஒரு நாள் ஷிப்ட் முடிந்து மில் பஸ்ஸில் ஏறப் போனவர் படியிலேயே சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் இருந்துவிட்டு, மூக்கில் குழாயோடு வீட்டுக்கு வந்தார். ஒன்றரை வருஷம் கட்டிலில் கிடந்தார்.

அந்த ஒன்றரை வருஷமும் அவரைப் பார்த்துக்கொண்டது நான் இல்லை. இதை எங்கேயும் நான் சொன்னதில்லை. என்னால் முடியவில்லை. அறைக்குள் போனாலே குமட்டும். முதுகில் வந்த படுக்கைப் புண்ணை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடையைப் பார்க்க வேண்டாமா என்று சொல்லிக்கொண்டு காலை எட்டு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவேன். எட்டு மணிக்கு எவன் வந்து ஜெராக்ஸ் கேட்கிறான்?

எல்லாம் மகன்தான் செய்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டு வந்திருந்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைப்பான். பள்ளிக்கூடம் போகும் நேரத்துக்குப் பக்கத்து வீட்டு அக்காவிடம் எப்படித் திருப்ப வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தான். குழாயில் கஞ்சி விடுவான், மலம் துடைப்பான், சவரம் செய்வான். செய்யும்போது பேசிக்கொண்டே இருப்பான். "இந்தா அப்பு, இப்ப இடது பக்கம் போறோம், வாரீகளா?" என்பான், அப்பாவை அப்பு என்று கொஞ்சி. அவருக்குச் சிரிப்பு ஒரு பக்கம்தான் வரும். அதுவும் அவனைப் பார்த்தால்தான் வரும். நான் தொட்டால் முகம் சுளிப்பார். என் கை நடுங்குவது அவருக்குத் தெரிந்திருக்கும்.

தினமும் சைக்கிளில் போய், ஊருக்கு வெளியே பாறைக் கரட்டின் அடியில் இருக்கும் எங்கள் காளியம்மன் கோவிலில் திருநீறு வாங்கிவந்து அவர் நெற்றியில் பூசுவான். பதினேழு வயதுப் பையனுக்கு இத்தனை பக்தியா என்று பூசாரியே கேட்டிருக்கிறார்.

தை மாதம், மகனின் பரீட்சைக்கு முன்னால், அவருக்குச் சளி கட்டிக் காய்ச்சல் வந்து நான்கே நாளில் போய்விட்டார். மகன் அழவில்லை. பரீட்சை எழுதினான். முதல் குரூப் எடுத்திருந்ததால் இன்ஜினியரிங்கும் போகலாம், வேறெதற்கும் போகலாம் என்ற அளவுக்கு மார்க் வந்தது.

"நான் நர்சிங் படிக்கிறேம்மா" என்றான்.

பத்து நாள் சண்டை. எனக்கு வாயிலிருந்து வராத வார்த்தை இல்லை. "ஏலே, ஆம்பளப் புள்ள பெட்பேன் தூக்கவா பெத்தேன்? அம்புட்டு மார்க்க வச்சுக்கிட்டு ஊரான் பீயள்ளப் போறியா?" என்று கேட்டேன். ஊர் என்ன சொல்லும், பெண் எவன் கொடுப்பான் என்றெல்லாம் சொன்னேன். அத்தனையும் சாக்கு. உண்மை வேறு. அவன் வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு யாருக்கோ புண் துடைப்பதை நினைக்கும்போதெல்லாம், நான் துடைக்காத புண்தான் எனக்குக் கண் முன்னால் வந்தது. வாழ்நாள் முழுக்க அவன் செய்கிற ஒவ்வொரு வேலையும் 'நீ செய்யலையே' என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கும் என்று பயந்தேன். அந்தப் பயத்துக்கு அவன் எதிர்காலம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

அவனும் விடவில்லை. எதிர்த்துப் பேசாமல், கோபப்படாமல், "எனக்கு அதுதாம்மா வருது" என்று அதையே சொன்னான். பதினோராவது நாள் நான்தான், "அம்மன்கிட்டப் பூக்கட்டிப் பாத்துருவோம். அது சொல்றதக் கேட்டுக்குவோம்" என்றேன். உடனே சரியென்றான். அம்மனை அவ்வளவு நம்பினான்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம், வீடு, கிணறு எதுவானாலும் இது வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ வைத்துக் கட்டி, சாமி காலடியில் போட்டு, விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். பார்த்தால் சாமியைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும்.

பொட்டலத்தை நான்தான் வாழை இலையில் வைத்து வீட்டிலேயே கட்டினேன். நந்தியாவட்டையும் பறித்துத்தான் வைத்திருந்தேன். அது தட்டிலேயே கிடந்தது. இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு அரளியை வைத்து நூலைச் சுற்றினேன். கை அன்றைக்கு நடுங்கவில்லை.

பூசாரியின் பேத்தி வந்து ஒன்றை எடுத்தது. பூசாரி பிரித்தார். அரளி. மகன் அந்தப் பூவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். முகம் வெளுத்துவிட்டது. ஏமாற்றம் என்று நினைத்தேன், நாலு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். "சரிம்மா, இன்ஜினியரிங் போடு" என்றான். அன்று மத்தியானமே கடையில் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டேன். அவன் வாயால் சொல்லிவிட்டான் அல்லவா, சட்டத்தை மீறவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொரு பொட்டலத்தை வரும் வழியில் கருவேலஞ்செடிக்குள் வீசியிருந்தேன்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தான். தட்டுத் தடுமாறி, நாலைந்து அரியர் வைத்து, முடித்தான். இப்போது கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் போனில் வாடிக்கையாளர் புகார் கேட்கும் வேலை. மாதம் ஒரு முறை வருவான். என்ன வேலைப்பா என்றால், "திட்டு வாங்குறது" என்று சிரிப்பான். கோவில் திருவிழாவுக்கு என்னைக் கூட்டிப் போவான், உள்ளே வரமாட்டான். என் செருப்பைப் பார்த்துக்கொண்டு தேங்காய்க் கடைப் பக்கமே நிற்பான். படித்த திமிர் என்று பூசாரியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

இந்த வருஷம் விண்ணப்பம் போடும் சீசனில், சோறு வடிக்கும்போது மூடி நழுவிக் கொதிகஞ்சி என் வலது கையில் கொட்டிவிட்டது. முழங்கை வரை தோல் உரிந்துவிட்டது. முதல் நாள் கிளினிக்கில் கட்டுப் பிரித்தபோது நான் போட்ட சத்தத்தில் வெளியே இருந்த குழந்தைகள் அழுதன. செய்தி கேட்டு மகன் லீவு போட்டுவிட்டு வந்தான். "நானே கட்டுறேன்" என்றான்.

பழைய கட்டின் மேல் சலைன் ஊற்றி, ஊறும் வரை கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். பிறகு துணியைத் துளித்துளியாக எடுத்தான். "செத்த நேரம்தாம்மா, இந்தா, இந்த ஓரம் மட்டும்தான்" என்று பேசிக்கொண்டே எடுத்தான். ஏழு வருஷம் கழித்து அந்தக் குரலைக் கேட்டேன். அப்பாவின் கட்டில் பக்கத்தில் அவனுக்கு இருந்த அதே முகம். போனில் திட்டு வாங்கும் பையனிடம் அந்த முகம் கிடையாது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கை வலி என்று நினைத்து இன்னும் மெதுவாகச் செய்தான்.

என்னால் டைப் அடிக்க முடியாததால் கடையிலும் அவன்தான் உட்கார்ந்தான். மூன்றாவது நாள் மத்தியானம் ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். பெண் நர்சிங் கேட்டது. அம்மா டீச்சர் வேலைக்குத்தான் படிக்க வேண்டும் என்றார். "நாளைக்குக் கோயில்ல பூக்கட்டிப் பாத்துட்டு வாரோம்க்கா, அதுக்கப்புறம் போடுவோம்" என்றார் என்னிடம்.

நான் வாயைத் திறப்பதற்குள் மகன் திரும்பினான். "வேண்டாம் அத்தை. புள்ளகிட்டக் கேளுங்க. இல்ல, நீங்க வேண்டாம்னாக்கூட நீங்களே சொல்லிருங்க. அம்மா வேண்டாம்னா சண்டை போட்டுக்கலாம். சாமி வேண்டாம்னா ஆயுசுக்கும் தாங்காது" என்றான்.

அவர்கள் போன பிறகு வீட்டுக்கு வந்தோம், கட்டு மாற்றும் நேரம். கையைப் பிடித்து உட்கார்ந்தவனிடம், "உனக்கு இது எம்புட்டு நல்லா வருதுப்பா" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

"எங்க வருதும்மா" என்றான், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "வந்திருந்தா அப்பாவ விட்டிருப்பேனா."

எனக்குப் புரியவில்லை. என்னடா சொல்கிறாய் என்றேன்.

"குழாயில கஞ்சி விட்டா அரை மணி நேரம் சாய்ச்சு உக்கார வச்சிருக்கணும். நர்ஸக்கா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. அன்னிக்கு எனக்கு பிராக்டிகல். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பத்து நிமிசத்துல படுக்க வச்சுட்டு ஓடிட்டேன். சாயங்காலம் வந்து பாத்தா இருமிக்கிட்டே இருக்காரு. அப்புறம் நாலு நாள்தான். யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அம்மனுக்குத் தெரிஞ்சிருக்கு. இந்தக் கைய நம்பி இன்னொரு உசிரக் குடுக்கக் கூடாதுன்னு அது சொல்லிருச்சு."

அன்றைக்கும் காலை எட்டு மணிக்கு நான் கடையில்தான் இருந்தேன். அரை மணி நேரம் அவரைப் பிடித்து உட்கார வைக்க வீட்டில் ஒரு ஆள் இருந்திருக்கலாம். அந்த ஆள் யாரும் வராத கடையில் தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. என் மேல் இருக்கிற பிரியமாவது மிஞ்சும். ஆனால் அவன் என் கையைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டிருந்தான். 'இந்தக் கைய நம்பி' என்று அவன் சொன்ன கை.

"ரெண்டு பொட்டலத்துலயும் அரளிதான்டா வச்சேன்" என்றேன்.

நிமிர்ந்தான்.

"நந்தியாவட்டை வைக்கவே இல்ல. எதை எடுத்திருந்தாலும் செவப்புத்தான் வந்திருக்கும். நான்தான் வேண்டாம்னேன். அம்மன் சொல்லல."

கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சின்னப் பிள்ளை கேட்பது போல, "அப்ப அப்பாவப் பத்தி அம்மன் ஒண்ணுமே சொல்லலயாம்மா?" என்று கேட்டான்.

"ஒண்ணுமே சொல்லலப்பா."

"ஏழு வருசமா நான் அப்பா போட்டோவ நேராப் பாத்ததில்லம்மா" என்றான். பிறகு அழுதான். அப்பா செத்ததற்கும் சேர்த்து அன்றைக்குத்தான் அழுதான். கட்டுப்போடாத கையோடு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தொட எனக்குத் தைரியம் வரவில்லை. அழுதுகொண்டிருந்தவன் திடீரென்று ஞாபகம் வந்தவனாக எழுந்துபோய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து கட்டை முடித்தான்.

அதன் பிறகு என்னிடம் பேசவில்லை. சாப்பிட்டான், கடையைத் திறந்தான், வந்தவர்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தான். நர்சிங் விண்ணப்பத்துக்கு வயது வரம்பு எனக்குத் தெரியும். அவனுக்கு இன்னும் வயது இருக்கிறது என்று சொல்ல நாக்கின் நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அவன் விஷயத்தில் நான் சொன்னது போதும்.

மறுநாள் காலை பஸ்ஸுக்குப் புறப்படும் முன்னால் கடைசியாக ஒரு முறை கட்டு மாற்றினான். எந்த மருந்து எப்போது, எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தான். அரை மணி நேரம் ஆனது. டேப்பை ஒட்டிவிட்டு என் விரல் நுனிகளை அமுக்கி, ரத்தம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்தான்.

"வலிக்குதா?" என்று மட்டும் கேட்டான்.

"இல்லப்பா" என்றேன். கொஞ்சமும் வலிக்கவில்லை.