சீன மொழியில் என் கட்டுரை

அமெரிக்காவின் ரிச்சர்ட்சன் நகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். பிறவியிலேயே காது கேளாத குழந்தைகள், உள்காதில் கருவி பொருத்திய பிறகு ஒலிகளை எப்படிப் பிரித்தறிகிறார்கள் என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். வெளிவந்து வெகுநாளாகியும் யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

ஒரு மத்தியானம், வெளியே மழை பெய்துகொண்டிருந்தபோது, பக்கத்து மேஜைச் சீனத் தோழி தன் செல்போனை நீட்டினாள். அவள் ஊர்க்காரர்கள் புழங்கும் ஒரு செயலி. ஓரெழுத்தும் புரியாத வரிகளுக்கு நடுவே நான் வரைந்த வரைபடம் இருந்தது. யாரோ என் கட்டுரையைச் சுருக்கி எழுதியிருந்தார். கீழே பின்னூட்டங்கள் இறங்கிக்கொண்டே போயின.

“எல்லாம் அம்மாக்கள்,” என்றாள் தோழி. ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொன்னாள். ஒருத்தியின் மகள் ஜன்னல் பக்கம் திரும்பி, அது என்ன சத்தம் என்று முதல்முறையாகக் கேட்டாளாம். மழை. அறை மெல்லத் தண்ணீருக்குள் இறங்குவதுபோல இருந்தது எனக்கு. கணவரைக் கூப்பிட்டேன்.

“சைனால என் பேப்பரைப் படிக்கறாங்க.”

“யாரு, புரொஃபசர்ஸா?”

“இல்ல, அம்மாங்க.”

“அழறியா?” என்றார்.

தலைப்பு என்ன என்று தோழியிடம் கேட்டேன். தயங்கினாள். “கருவி வைத்தால் எல்லாக் குழந்தையும் போனில் பேசும் என்று போட்டிருக்கிறார்கள்.”

நான் அப்படி எழுதவில்லை. சிலரால் முடிந்தது, சிலரால் முடியவில்லை. ஆனால் அதை நம்பி ஒரு பெண் கேட்டிருந்தாள். வேலைக்காக வேறு ஊரில் இருப்பவள். ‘போனில் என் குரலை என் மகள் கண்டுபிடிப்பாளா?’

மறுக்க மனம் வரவில்லை. இத்தனை அம்மாக்கள் என்னைப் படிக்கும் அந்தக் கனவிலேயே இன்னும் சற்று நேரம் இருக்க ஆசையாக இருந்தது. கடைசியில் நான் சொல்லச் சொல்ல, தோழி சீனத்தில் தட்டினாள்: ‘கட்டுரையை எழுதியவள் நான்தான். தலைப்பு சொல்வதுபோல எல்லாக் குழந்தைக்கும் முடிவதில்லை; உங்கள் மகளால் முடியுமா என்று எனக்குத் தெரியாது. தினமும் போனில் பேசிப் பழகிய குழந்தைகளுக்குக் கொஞ்சம் எளிதாக வந்தது.’

மறுநாள் தலைப்பு மாறியிருந்தது. சுருக்கி எழுதியவர் வருத்தமும் தெரிவித்திருந்தார். அதன் பிறகு அந்தப் பதிவுக்கு வருவோர் குறைந்துபோனார்கள்.

சில வாரங்கள் கழித்து அந்தப் பெண் எழுதினாள்: ‘இன்று பேசினேன். என் குரல் என்று தெரிந்ததா, தெரியவில்லை. ஆனால் அவள் போனை வைக்கவே இல்லை.’

தோழி அதை இரண்டு முறை படித்தாள். முதலில் ஆங்கிலத்தில். பிறகு, அதன் ஓசையும் என் காதில் விழட்டும் என்று, சீனத்தில்.