வெய்க்கோவுக்கு ஓர் இடக்கைத் துப்பாக்கி

சவுனா என்னும் நீராவிக் குளியலறையின் மேல் பலகையில் துப்பாக்கியின் மரக்கட்டையைக் கிடத்திவிட்டு, ஐலி லாத்தி கீழ்ப் பலகையில் உட்கார்ந்து வியர்க்கிறாள். சுடுகல்லில் தண்ணீர் ஊற்றுகிறாள். ஆவி குப்பென்று ஏறுகிறது. ஏதோ ரஷ்யக் கிடங்கில் வருடக்கணக்காகக் கிரீஸில் ஊறிக் கிடந்த மரம், பழுப்பாகக் கசிந்து பழைய துண்டில் சொட்டுகிறது. "இது காயறதுக்குள்ள நான் கருவாடா ஆயிடுவேன்" என்கிறாள்.

நானும் ஐலியும் அவள் கணவன் வெய்க்கோவும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். இப்போது நானும் ஐலியும் அதே பள்ளியின் சமையலறையில் வேலை பார்க்கிறோம். ரொட்டி வந்த உறையைக்கூடக் கழுவிக் காயப்போடுகிறவள் அவள். கடையில் புதுச் சாமானைக் கண்டால் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்து, "இத என்ன தங்கத்துலயா பண்ணியிருக்கான்?" என்று கடைக்காரர் காதில் விழும்படியே கேட்பாள்.

போன குளிர்காலத்தில் வெய்க்கோவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பியது, நடை திரும்பியது, வலது கை திரும்பவில்லை. நவம்பர் வந்தால் மான் வேட்டைக்குப் போகாமல் இருந்ததே இல்லாதவன், தன் துப்பாக்கியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டான். யாராவது வேட்டைப் பேச்சை எடுத்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவான். இடக்கைக்காரர்களுக்கென்றே செய்த துப்பாக்கி கடையில் இருந்தது. ஐலி விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு பின்வரிசைக்குப் போய், பீப்பாயில் குடைகளைப் போலச் செருகி வைத்திருந்த ரஷ்யப் பட்டாளத் துப்பாக்கிகளில் ஒன்றை உருவிக்கொண்டு வந்தாள்.

சாப்பாட்டு மேசைதான் பட்டறை. பாரம் குறைய வேண்டுமென்று முன்கட்டையில் ரம்பத்தை வைத்தபோது, அவள் சித்தப்பா மகன் ரூடி வந்து சேர்ந்தான். பழைய துப்பாக்கிகளைத் துடைத்துத் துடைத்துச் சுவரில் மாட்டி வைக்கிறவன் அவன்.

"ஐயையோ ஐலி! யுத்தம் பார்த்த துப்பாக்கிய விறகு மாதிரி அறுக்குறியே!"

"யுத்தம் முடிஞ்சிருச்சு ரூடி. என் வீட்டுல ஒருத்தன் ஜன்னலோரம் வேர் விட்டு உக்காந்திருக்கான். தள்ளி நில்லு, தூள் கண்ணுல விழும்."

தோளை உதைக்கும் இரும்புத் தகட்டைக் கழற்றிவிட்டு, வெய்க்கோவின் கிழிந்த பூட்ஸிலிருந்து ரப்பர் அடியை வெட்டித் திருகினாள். வலப்புறம் அவன் கன்னம் பதியும் இடத்தில் தோல் கையுறை ஒன்றை ஒட்டினாள். மங்கிய கண்ணுக்கும் தெரியட்டுமென்று குழாய் முனையில் குறி பார்க்கும் முள்ளின் நுனியில் வெள்ளை நகப்பூச்சு. ஒவ்வொரு தோட்டாவுக்கும் தூக்கி இழுக்க வேண்டிய போல்ட்டின் கைப்பிடி மட்டும் குட்டை, அதுவும் வலப்புறம். இடக்கையால் மேலே வளைந்து எட்டிப் பிடிக்க வேண்டும். கார் பட்டறைக்காரரை நச்சரித்து, அதை நீட்டிப் பற்றவைத்துக்கொண்டாள். கூலி, கறி அடைத்துச் சுட்ட பேஸ்டி ஒரு தட்டு.

அக்டோபரில் சுட்டுப் பார்க்கச் சரளைக் குழிக்குக் கொண்டு போனோம். "வேடிக்கை பார்க்கத்தான் வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே வந்த வெய்க்கோ, மணல் மூட்டைமேல் துப்பாக்கியை வைத்து ஒரு முறை சுட்டான். தகர டப்பா பறந்தது. அடுத்த தோட்டாவுக்குப் போல்ட்டைத் தூக்கினான்; வரவில்லை. உள்ளங்கையால் அடித்தான். இன்னும் ஓங்கி அடித்தான். ரூடி உதவிக்குக் கை நீட்டினான்.

"வேணாம். இதத் தூக்கி மான் மண்டையில எறிஞ்சிக்கிறேன்" என்றான் வெய்க்கோ. எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்துவிட்டுப் போய் வண்டிக்குள் உட்கார்ந்தான். திரும்ப இறங்கவில்லை.

மறுநாள், உள்ளே சிக்கியிருந்த வெற்றுத் தோட்டாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஐலி, அதன் இடுப்பில் பழுப்புக் கறை இருப்பதைக் கண்டாள். குழாயின் அடிக்குழியில் காய்ந்திருந்த பழைய கிரீஸ், சூடேறியதும் பிசினாகி அதைக் கவ்விக்கொண்டிருக்கிறது. புட்டி கழுவும் பிரஷ்ஷை டிரில்லில் மாட்டி, துணி வெள்ளையாகத் திரும்பி வரும்வரை தேய்த்தாள்.

"அவன் இடக்கையில ஒரு குறையும் இல்ல. அழுக்குதான்" என்றாள் என்னிடம்.

"அவன்கிட்டயே சொல்லேன்."

"சொன்னா பரிதாபப்படுறேன்னு நினைப்பான்."

துப்பாக்கியைப் பின்கதவருகே அவன் கோட்டுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தாள். ஒரு மத்தியானம் ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது; சவுனாவுக்குள்ளிருந்து தாழ்ப்பாள் இழுப்பது போலச் சத்தம் வந்தது. நின்றது, மறுபடி வந்தது. ஐலி பாத்திரங்களைக் கொஞ்சம் அதிகமாகவே உருட்டினாள்.

வேட்டை தொடங்கும் காலையில் நான் போனபோது கோட்டு இல்லை, துப்பாக்கியும் இல்லை. வயலுக்கு அப்பால், மானுக்காகப் பதுங்கிக் காத்திருக்கும் பலகை மறைவுக்கு அவன் தனியாகவே போயிருந்தான். ஐலி மாவு கலக்கிக்கொண்டிருந்தாள். தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டது. நான் கை தட்டப் போனேன்.

"இரு" என்றாள். "முதல் தோட்டா எந்தத் துப்பாக்கியிலயும் வெடிக்கும்."

கரண்டியிலிருந்து மாவு ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் பார்வை ஜன்னலில் இருந்தது.

இரண்டாவது சத்தம் கேட்டது.

ஐலி கரண்டியை வைத்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு போய் ஃப்ரீசரைத் திறந்து, உறைந்த பட்டாணிப் பொட்டலங்களை ஒரு பக்கமாக ஒதுக்கி இடம் பண்ணத் தொடங்கினாள்.