ரஷ்ய முகாமில் பெற்றோர் வரும் ஞாயிறு

2006 ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணி. மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் மாடிக் கட்டடத்தின் வாசலில் என் பயணப் பெட்டி. அதன் மேல் என் ரஷ்யச் சிநேகிதி கலீனா, கண்ணை மூடிக்கொண்டு, வாய் திறக்காமல். என்னையும் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்திவிட்டாள்.

என் மனுசன் பதறிப்போனார். "என்ன புள்ள, அந்த மனிசிக்கு ஏலாதா? தண்ணி கொண்டரவா?"

சற்றுப் பொறுத்துத்தான் அவள் எழும்பினாள். தூரப் பயணம் புறப்படுமுன் ரஷ்யர்கள் இப்படிப் பேசாமல் கொஞ்ச நேரம் உட்காருவார்களாம். இல்லாவிட்டால் போகிற வழி சரிவராதாம்.

"அட, சகுனம் பார்க்கிற ஆக்களா? அப்ப நம்மட ஆக்கள்தான்!" என்று மனுசன் சிரித்துக்கொண்டு பெட்டியை அவளுடைய வேனில் ஏற்றினார்.

கலீனாவும் நானும் ஒரே கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், வேலை. அவள் குழந்தைகளுக்குச் சமைப்பவள், நான் அவர்களைப் பார்ப்பவள். மொன்றியலில் குடியேறிய ரஷ்யர்கள் சிலர் தங்கள் பிள்ளைகள் தாய்மொழியை மறந்துவிடக் கூடாதென்று மலைப்பக்கம் ஒரு கோடை முகாம் நடத்துகிறார்கள். அந்த வருடம் பிள்ளைகளோடு தங்கிப் பார்க்கிற பெண் ஒருத்தி வராமல்போக, அங்கேயும் சமைக்கப் போகிற கலீனா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ரஷ்யன் ஒரு சொல்லும் தெரியாதே" என்றேன்.

"கண் பயப்படும், கை செய்து முடிக்கும்" என்றாள்.

அது அவர்களுடைய பழமொழி. ஆட்களின் பேச்சில் விழுகிற பழமொழிகளைப் பொறுக்கி வைப்பது மட்டக்களப்பில் இருந்த காலந்தொட்டே என் பழக்கம். இப்படி ஒன்றைத் தந்தவளுக்கு எப்படி இல்லையென்பது?

நெடுஞ்சாலை 15இல் வடக்கே தொண்ணூறு கிலோமீற்றர். செயின்ட்-ஜெரோம் தாண்டியதும் மலைகள் எழும்பத் தொடங்கும். வழியில் ஒரு டெப்பனர் கடையில் நிறுத்தி, ஏழு டொலருக்கு நுளம்பு மருந்து வாங்கினோம். "ஒண்டு காணாது" என்று கலீனா சொன்னபோது நான் நம்பவில்லை. மட்டக்களப்பு நுளம்புக் கடிக்குப் பழகிய தோல் என்று எனக்கொரு பெருமை. அந்தப் பெருமை முதல் மாலையோடு போயிற்று.

முகாம் என்பது ஒரு ஏரி, அதைச் சுற்றிப் பைன் மரங்கள், மரத்தாலான ஆறு குடில்கள். ஒவ்வொன்றிலும் மேலும் கீழுமாக இரட்டைக் கட்டில்கள். காலையில் ஊதல் சத்தம், கொடிக்கு முன் வரிசை, பிறகு ரவைக் கஞ்சி. தலைவி தமாரா பெத்ரோவ்னா, ரஷ்யாவில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர். தோள் இரண்டும் கதவு நிலை போல. சாந்தி என்ற என் பெயரைக் கேட்டு, "சாஷா!" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அந்த நொடியில் இருந்து நான் சாஷா. அவர்கள் அன்பு வைத்தால் முதலில் பெயரில்தான் கை வைப்பார்கள்.

என் குடிலில் ஒன்பது வயதுப் பெண்பிள்ளைகள் எட்டுப் பேர். அதில் ஒருத்தியை எல்லோரும் "அல்யோனா" என்று கொஞ்சிக் கூப்பிட்டார்கள். அவள் திரும்புவதே இல்லை. கியூபெக்காரத் தம்பதி ஒன்று ரஷ்யாவில் ஒரு அநாதை இல்லத்தில் இருந்து ஐந்து வயதில் தத்தெடுத்த பிள்ளை அவள் என்று கலீனா சொன்னாள். அங்கே வைத்த பெயர் அல்யோனா, வீட்டில் பெயர் லெயா. ரஷ்யன் மறந்துவிட்டது, பிரெஞ்சு மட்டுந்தான். பிறந்த மொழி கொஞ்சமாவது திரும்பி வரட்டும் என்று பெற்றோர் ஆசையாக அனுப்பியிருக்கிறார்கள்.

மாலையில் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வட்டமாக உட்கார்ந்து மெழுகுதிரி ஒன்றைக் கைமாற்றுவார்கள். திரி யார் கையிலோ அவர் அன்றைய நாளைப் பற்றிச் சொல்லவேண்டும், மற்றவர்கள் குறுக்கே பேசக் கூடாது. லெயா திரியை வாங்குவாள், பேசாமல் அடுத்தவளிடம் கொடுப்பாள். மூன்று மாலையும் அப்படித்தான்.

வியாழக்கிழமை மதியம். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் முகாமே படுத்துக் கிடக்கவேண்டும். நித்திரை வராவிட்டாலும் பேசக் கூடாது. நான் கட்டில்களுக்கு இடையில் மெல்ல நடந்துபோனேன். லெயாவின் போர்வை மலை மாதிரி மேடு தட்டியிருந்தது. தூக்கிப் பார்த்தால், உடுப்புப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கிறாள். வந்த நாளில் இருந்து அந்தப் பையைத் திறக்கவே இல்லை.

"என்னம்மா லெயா?" என்று பிரெஞ்சில் காதுக்குள் கேட்டேன்.

அந்தப் பெயரைக் கேட்டதும் பிள்ளையின் கண் விரிந்தது. பிறகு கேட்டாள்:

"அம்மாவும் அப்பாவும் என்னைத் திருப்பிக் குடுத்திட்டாங்களா?"

அந்தக் குடிலை அவளுடைய கண்ணால் ஒரு தடவை பார்த்தேன். வரிசைக் கட்டில், ஊதல், ரவைக் கஞ்சி, ரஷ்யன் பேசுகிற பெரிய பெண்கள், அதற்கு மேல் அந்தப் பழைய பெயர். பிள்ளை வேறென்ன நினைக்கும்?

நேரே தமாராவின் அலுவலக அறைக்குப் போனேன். கலீனா மொழிபெயர்க்க ஓடிவந்தாள். வீட்டுக்கு ஒரு தொலைபேசி எடுக்கவேண்டும் என்றேன். தமாரா முடியாதென்று தலையை ஆட்டினார். முதல் பெற்றோர் ஞாயிறு வரை யாருக்கும் தொலைபேசி இல்லை. ஒரு பிள்ளை தாயின் குரலைக் கேட்டு அழுதால் குடிலே அழும்.

"அந்நிய மடத்துக்கு உன்னுடைய சட்டத்தோடு போகாதே" என்று ஒரு பழமொழியையும் எடுத்து விட்டார்.

"எங்களிட்டயும் ஒண்டு இருக்கு, கலீனா, சொல்லு" என்றேன். "ஆபத்துக்குப் பாவமில்லை."

பிறகு பிள்ளை கேட்ட கேள்வியையும் சொன்னேன். கலீனா அதை மொழிபெயர்த்து முடிக்கவில்லை, தமாரா கதிரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். "நான்தான் அல்யோனா என்று கூப்பிடச் சொன்னேன். சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன்" என்றார். எண்ணைச் சுழற்றியதும் அவர்தான்.

தொலைபேசியில் தாய் அழுதாள். ஞாயிறு காலை பத்து மணிக்கு வாசலில் நிற்பேன் என்று மகளிடம் சொன்னாள். லெயா "ம்" என்று மட்டும் சொன்னாள். அன்று மாலை கொடிக்கு முன்னால் தமாரா முகாம் முழுவதற்கும் அறிவித்தார்: "இவள் பெயர் லெயா." பெயர் சரியாயிற்று. பை மட்டும் போர்வைக்குள்ளேயே கிடந்தது.

ஞாயிறு. ஒன்பதரைக்கே கார்கள் வரத் தொடங்கின. தர்ப்பூசணி, பொரித்த கோழி, முத்தம், கூச்சல். பத்து மணி ஆயிற்று. லெயா பையை முதுகில் மாட்டிக்கொண்டு வாசல் கம்பத்தருகே நின்றாள். பத்தரை. நான் போய்ப் புல்லில் இருந்தேன். அவள் இருக்கவில்லை.

"வருவாங்க" என்றேன்.

"நீங்க அவங்களைப் பார்த்திருக்கிறீங்களா?"

"இல்லை."

"அப்ப எப்படித் தெரியும்?"

நாலு ஊர்ப் பழமொழி வைத்திருக்கிற நான் எழும்பி, அவளோடு சேர்ந்து வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தமாரா தானே ஒரு தட்டில் தர்ப்பூசணி கொண்டுவந்து எங்களோடு நின்றார்.

பதினொன்று கடந்து, தூசி பறக்க ஒரு நீலக் கார் வந்தது. கதவு திறக்கமுன்பே தாய் கத்தினாள்: "வீதி வேலை! பதினைந்தாம் இலக்கம் முழுக்கச் செம்மஞ்சள் கூம்பு! ஒரு மணித்தியாலம் அசையேல்ல!" கியூபெக்கில் கோடை என்றால் வீதியில் அந்தக் கூம்புகள்தான். அதைவிட நம்பக்கூடிய சாட்டு இந்த மாகாணத்திலேயே கிடையாது. லெயா ஓடவில்லை. அருகில் போய்த் தாயின் வயிற்றில் முகத்தைப் பதித்து நின்றாள், வெகுநேரம்.

சாப்பிட்டு முடிய, தகப்பன் மெல்லக் கேட்டார், "இப்பவே வீட்டை போவமா? விருப்பம் உன்னுடையது."

"நான் நிண்டா, திரும்ப வருவீங்களா?"

"அடுத்த ஞாயிறும் வருவம். கடைசி நாளும் வருவம்."

அவள் யோசித்தாள். கீழே ஏரிக்கரையில் கடல் அரசன் திருவிழாவுக்கு ஆயத்தம் நடந்தது. தாடி வைத்த அரசன் ஏரியில் இருந்து எழும்பி வந்து எல்லோரையும் தண்ணீரில் தள்ளுகிற நாள். என் குடில் பிள்ளைகள் முகமெல்லாம் பச்சை பூசிக்கொண்டு கூப்பிட்டார்கள்: "லெயா! லெயா! பச்சை முடியப் போகுது!"

பையைக் கழற்றித் தகப்பன் கையில் திணித்தாள். "அடுத்த ஞாயிறு வெள்ளன வெளிக்கிடுங்க, கூம்பு இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சரிவில் இறங்கி ஓடினாள்.

எங்கள் ஆட்களென்றால் இந்த இடத்தில் பெரிய குறை வந்திருக்கும். போகிற பிள்ளை வளைவில் ஒரு தரமாவது திரும்பிக் கைகாட்டவேண்டும். காட்டாவிட்டால் தாய் அதை மாதக்கணக்கில் சொல்லி அழுவாள். இந்தத் தாயும் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றாள். பிள்ளை கரையை அடைந்தது, கூட்டத்தில் கலந்தது. திரும்பவில்லை.

"நாங்கள் அவளைக் கூட்டிக்கொண்டு வந்த அண்டைக்கு," என்று தகப்பன் என்னிடம் சொன்னார், "விமான நிலையம் முழுக்க ரெண்டடிக்கு ஒருக்கால் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் பின்னால வாறமா எண்டு."

தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மகளின் பையை என்னிடம் நீட்டினாள்.

"மடாம் சாந்தி, உடுப்பெல்லாம் கசங்கிப் போயிருக்கும். எடுத்து அடுக்கிவிடுறீங்களா?"