என் பெயருக்கு எதிரே தீபாவளி

எண்பதுகளின் நடுவில் நான் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தின் கணினி அறையில் பணிபுரிந்தேன். டெலக்ஸ் செய்திப்பொறியை இயக்குபவனாகச் சேர்ந்த எனக்குப் பள்ளிப் படிப்பு குறைவு. அங்கிருந்த யூனிக்ஸ் இயங்குதளத்தை, அதனுடன் வந்த தடித்த கையேடுகளை ஆங்கில அகராதியின் துணையோடு வாசித்தே கற்றுக்கொண்டேன். பிழை திருத்துவதும் பராமரிப்பதும் என் பொறுப்பு.

பராமரிப்புக்குக் கணினியை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் அலுவலகமே நின்றுவிடும். ஆகவே அந்த வேலைகள் எல்லாம் பொது விடுமுறை நாட்களுக்கென ஒதுக்கப்பட்டன. எவர் எந்த நாளில் வருவது என்பதை இனம் பார்த்துப் பிரித்திருந்தார்கள். சீனப் புத்தாண்டுக்குத் தமிழரும் மலாய்க்காரரும் வருவோம். தீபாவளிக்குச் சீனர் வருவர். கிறிஸ்துமஸ் எவருக்கும் உரியதன்று எனக் கருதப்பட்டது. தீபாவளிக்கு விடுப்பு கிடைத்தவன் கிறிஸ்துமஸுக்கு வரட்டும் என்று அது என் தலையில் வந்து விழுந்தது.

நானோ கத்தோலிக்கன். தீபாவளியன்று குவீன்ஸ்டவுன் வீட்டில் வேலையின்றி உட்கார்ந்து, பக்கத்து வீட்டார் கொடுத்த முறுக்கைத் தின்றுகொண்டிருப்பேன். தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவில் நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடைகூட அன்று மூடியிருக்கும். கிறிஸ்துமஸ் அன்றோ கணினிக்கு முன்னால் இருப்பேன்.

பல ஆண்டுகள் இதனைப் பொறுத்துக்கொண்டேன். அப்பா நடமாட முடியாமற்போன ஆண்டில் பொறுக்க இயலவில்லை. எங்கள் தளத்தில் மின்தூக்கி நிற்காது. அதைப் பிடிக்க ஒரு மாடி படியிறங்க வேண்டும். அப்பாவை யாராவது தூக்கிக்கொண்டு இறங்கினால்தான் அவர் தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் காலைத் தமிழ்த் திருப்பலி வழிபாட்டைக் காண முடியும். நள்ளிரவுத் திருப்பலி ஆங்கிலத்தில் நடக்கும். அது அவருக்கு வேண்டாம். எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த இளைஞர்கள் இருவர் வந்து தூக்குவதாகச் சொன்னபோது அவர் மறுத்துவிட்டார்.

“ஹார்பர்ல மூட்ட தூக்குனவன்டா நானு. மூட்டையாப் போக மாட்டேன். நீ தூக்குறதா இருந்தா வரேன், இல்லன்னா விடு.”

அந்தக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய சில வாரங்களாக அச்சுப்பொறி ஒரு பிழையால் அடிக்கடி முடங்கியது. அதைப் பயன்படுத்தும் நிரல், மற்றவை குறுக்கிடாதிருக்க ஒரு சிறு கோப்பைப் பூட்டுப்போல் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கும். அந்நிரல் நடுவிலேயே செத்துவிட்டால் பூட்டு மட்டும் எஞ்சும். பின்னால் வந்தவை எல்லாம், இல்லாத ஒன்றுக்கு மரியாதை செய்து வரிசையில் காத்துக்கிடக்கும். பூட்டியது உயிரோடிருக்கிறதா என்று முதலில் பார்க்கும்படி சில வரிகள் எழுதிச் சேர்த்தேன். இந்தத் திருத்தத்தைக் கிறிஸ்துமஸ் அன்று பொருத்துவதாக ஏற்பாடு. நான் ஞாயிறுகளில், அலுவலகம் ஓய்ந்திருந்த சில மணி நேரங்களில், என் சொந்த விருப்பில் போய், அதைப் பொருத்தி, வேண்டுமென்றே நிரலைக் கொன்று கொன்று சோதித்து, எல்லாம் சரியென்று உறுதி செய்துகொண்டேன். பிறகு மேற்பார்வையாளரிடம் போனேன். அவர் தமிழர், என்னைவிட இளையவர், நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை.

“சார், கிறிஸ்மஸ் வேலைய முன்னாடியே முடிச்சிட்டேன். அன்னிக்கு லீவு வேணும். அப்பாவ கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும்.”

“உங்களுக்குத்தான் தீபாவளி குடுத்தாச்சே லா.”

“நான் கிறிஸ்டியன், சார். உங்களுக்குத் தெரியாததா?”

“எனக்குத் தெரியும். மேல இருக்கவனுக்கு எல்லாரும் இந்தியன்தான்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “நம்மாளுங்களுக்கு தீபாவளி ஆஃப் வாங்க நான் எவ்வளவு சண்ட போட்டேன் தெரியுமா? இப்பப் போயி, இதுல ஒருத்தருக்கு தீபாவளியே இல்லன்னு சொன்னா, அடுத்த வருஷம் மொத்தத்தையும் புடுங்கிடுவான்.”

“மத்தியானத்துக்கு மேலயாச்சும் வரேன் சார். காலையில மட்டும்...”

“வேலதான் முடிஞ்சிருச்சே, அப்புறம் என்ன? சும்மா உக்காந்து பாத்துக்குங்க. ரூம்ல ஆள் இருக்கணும், அவ்வளவுதான்.”

வேலை மீதியிருந்திருந்தால் அதைக் காட்டிப் பேரம் பேசியிருக்கலாம். முடித்துக் கொடுத்த பிறகு என் கையில் ஒன்றுமில்லை.

கிறிஸ்துமஸ் காலையில் நான் கிளம்பியபோது அப்பா விழித்திருந்தார். போகிறேன் என்றேன். “ம்” என்றார். கணினி அறையின் குளிரில் ஸ்வெட்டரோடு அமர்ந்து, சோதனைப் பக்கம் ஒன்றை அச்சிட்டேன். பழுதின்றி வந்தது. அதற்குமேல் அந்த இயந்திரம் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. திருப்பலி தொடங்கியிருக்கும் வேளையில் தொலைபேசி ஒலித்தது. மேற்பார்வையாளர் பேசினார்.

“ஒண்ணும் பிரச்சன இல்லையே?”

“இல்ல சார்.”

“குட். மெரி கிறிஸ்மஸ் லா!”

அவர் குத்திக்காட்டவில்லை. மனமார வாழ்த்தினார். அதுதான் எனக்கு இன்றளவும் கசக்கிறது.

மாலையில் வீடு திரும்பினேன். அப்பா வெள்ளைச் சட்டையும் கால்சட்டையும் அணிந்து, காலணியோடு கதவருகே நாற்காலியில் இருந்தார். “நீங்க பாதியில வந்துடுவீங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. ஷூவக் கழட்ட விடல,” என்றாள் என் மனைவி.

“உன் மெஷின் பொழச்சுதா?” என்று கேட்டார் அப்பா.

“அதுக்கு ஒண்ணும் இல்லப்பா.”

“அப்புறம் எதுக்குடா போன?”

நான் குனிந்து காலணியின் கயிற்றை அவிழ்த்தேன்.

ஈஸ்டர் என்னும் உயிர்ப்புப் பெருவிழா வருமுன்பே அப்பா இறந்துபோனார். அவருடைய உடலைப் படியில் இறக்க நால்வர் தேவைப்பட்டனர். நான் முன்பக்கம் பிடித்துக்கொண்டேன்.

அவ்வாண்டின் இறுதியில் மேற்பார்வையாளர் என்னைத் தாமாகவே அழைத்தார். “இந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு வேற ஆள் போட்டுட்டேன். நிம்மதியா கோயிலுக்குப் போயிட்டு வாங்க.”

“வேணாம் சார். என் பேரையே போடுங்க,” என்றேன்.

என்னைப்போல் கடமை உணர்வுள்ளவர் அலுவலகத்தில் வேறெவரும் இல்லையென்று அவர் எல்லாரிடமும் சொன்னாராம்.